திருப்பயணமும் எரிவாயு அடுப்பும்

ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும் காலம் வந்ததும், வேலூர், ஆம்பூர்ப் பங்குகளின் குடும்பங்கள் வேனில் புறப்படுகின்றன. சிறு எரிவாயு உருளையும் அடுப்பும் உடன் ஏறுகின்றன. கடைச் சோற்றினும் அது சிக்கனமே.

ஆயினும் 2023 ஆகஸ்டு 26-ஐ நாம் மறத்தலாகாது. அன்று மதுரை நிலையத்தருகே நின்ற, இலக்னோ யாத்திரிகர் வந்த இரயில் பெட்டியில், விதியை மீறிக் கொணர்ந்த உருளையால் தீப்பற்றி 9 பேர் மாண்டனர்.

எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் வண்டியின் தரையிலேயே தேங்கும். ஆதலின் வண்டியை விட்டு இறங்கி, திறந்த வெளியிலேயே அடுப்பை மூட்டுவோம். இணைப்பில் சோப்பு நீர் தடவி, குமிழி எழுகிறதா எனப் பார்ப்போம். சமைத்து, அடுப்பு ஆறியபின் பர்னரைக் கழுவி, துளைகளின் அடைப்பை ஊசியால் நீக்கி, நன்கு உலர்த்துவோம். மஞ்சள் சுடர் அடைப்பின் அறிகுறி.

அன்னையைக் காணச் செல்லும் அனைவரும் நலமே இல்லம் திரும்புவோமாக!