போலீஸ் பிடிச்சா ஒரு தண்டனை, ஃபெடரல் பிடிச்சா இன்னொரு தண்டனையா?

அமெரிக்க வெப் சீரிஸ் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாகியிருக்கும். உள்ளூர் போலீஸ் ஒரு போதைப்பொருள் வியாபாரியைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கும். கோட் சூட் போட்ட ரெண்டு பேர் உள்ளே வந்து, 'இனிமே இது ஃபெடரல் கேஸ்' என்பார்கள். அதுவரை தெனாவட்டாக உட்கார்ந்திருந்தவன் முகம் அப்படியே வெளுத்துவிடும்.

பில்டப்புக்காக வைத்த சீன் இல்லை அது. நிஜத்திலும் அப்படித்தான்.

நம் நாட்டில் போதைப்பொருள் என்றால் 1985-ல் வந்த என்.டி.பி.எஸ் சட்டம். உள்ளூர் போலீஸ் பிடித்தாலும், டெல்லியின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்.சி.பி பிடித்தாலும் அதே சட்டம்தான், அதே தண்டனைதான். அமெரிக்காவில் கதையே வேறு. 50 மாநிலங்களுக்கும் தனித்தனியாகப் போதைச் சட்டம், கோர்ட், ஜெயில் எல்லாம் உண்டு. அது போக, 1970-ல் வந்த மத்திய அரசின் சட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும். அதற்கென ஃபெடரல் கோர்ட், ஃபெடரல் ஜெயில். ஆக, ஒரே ஒரு பொட்டலத்துடன் சிக்குகிறவர் ஒரே நேரத்தில் ரெண்டு அரசுகளின் சட்டத்தை மீறியவர் ஆகிறார்.

அப்படியானால் கேஸ் எந்தக் கோர்ட்டுக்குப் போகும்?

தெருமுனையில் சின்ன அளவோடு மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் மாநில கோர்ட்டுக்குத்தான் போவார்கள். சரக்கு மாநில எல்லையையோ நாட்டு எல்லையையோ தாண்டி வந்தது, பெரிய கும்பல், கூடவே துப்பாக்கி, தபாலில் அனுப்பியது, பிடிபட்ட இடம் மத்திய அரசின் நிலம்... இப்படி ஏதாவது இருந்தால் ஃபெடரல் பக்கம் சாய வாய்ப்பு அதிகம். சில நேரம் காரணம் இன்னும் சாதாரணமானது. பிடித்த உள்ளூர் போலீஸ்காரர், டி.இ.ஏ எனப்படும் மத்திய போதைத் தடுப்பு அமைப்புடன் சேர்ந்து வேலை செய்யும் கூட்டுக் குழுவில் இருப்பார். கேஸ் அந்த வழியாகவே மேலே போய்விடும்.

ஆனால், 'இத்தனை கிராமுக்கு மேலே ஃபெடரல், கீழே ஸ்டேட்' என்று எந்தச் சட்டத்திலும் கோடு போடவில்லை. கடைசியில் முடிவு செய்வது யு.எஸ். அட்டர்னி எனப்படும் மத்திய அரசு வழக்கறிஞரின் அலுவலகம். அவர் 'நான் எடுக்கிறேன்' என்றால் ஃபெடரல். 'வேண்டாம்' என்றால் ஸ்டேட். குற்றம் சாட்டப்பட்டவருக்கு இதில் சாய்ஸே கிடையாது.

இந்த முடிவு ஒரு மனிதரின் வாழ்க்கையை என்ன செய்யும் என்பதற்கு வெல்டன் ஏஞ்சலோஸ் என்பவரின் வழக்கு போதும்.

யூட்டா மாநிலத்துக்காரர். சொந்தமாக ஒரு ராப் இசை நிறுவனம் வைத்திருந்த இளைஞர். 2002-ல் போலீஸுக்குத் தகவல் சொல்லும் ஒருவரிடம் மூன்று முறை கஞ்சா விற்றார். ஒவ்வொரு முறையும் சுமார் 350 டாலருக்கு. அப்போது அவரிடம் துப்பாக்கி இருந்தது என்றார் அந்த நபர். வீட்டிலும் துப்பாக்கிகள் கிடைத்தன. யாரையும் சுட்டதாகவோ, நீட்டி மிரட்டியதாகவோ குற்றச்சாட்டு இல்லை. கேஸ் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் 15 ஆண்டுகள் தண்டனைக்குப் பரிந்துரைப்பதாக அரசுத் தரப்பு பேரம் பேசியது. அவர் மறுத்தார். குற்றச்சாட்டுகள் கூடின. போதை விற்பனையின்போது துப்பாக்கி வைத்திருந்தால் முதல் முறைக்கு 5 ஆண்டுகள், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 25 ஆண்டுகள், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்பது அன்றைய ஃபெடரல் சட்டம். மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. 5 + 25 + 25. மொத்தம் 55 ஆண்டுகள்!

2004-ல் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பால் கஸல், ஒன்றும் இளகிய மனசுக்காரர் என்று பெயர் எடுத்தவர் இல்லை. அவரே இந்தத் தண்டனை அநியாயமானது, கொடூரமானது என்று தீர்ப்பிலேயே எழுதினார். விமானம் கடத்துகிறவருக்குக்கூட இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இதே கேஸ் யூட்டா மாநில கோர்ட்டில் நடந்திருந்தால் சில ஆண்டுகளில் பரோலில் வெளியே வந்திருப்பார் என்பதும் அதில் இருக்கிறது. ஆனாலும் சட்டம் அவர் கையைக் கட்டியிருந்தது. தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஜனாதிபதிக்குப் பரிந்துரைக்க மட்டுமே அவரால் முடிந்தது.

12 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு, 2016-ல் வெளியே வந்தார் ஏஞ்சலோஸ். போகும்போது சின்னக் குழந்தைகளாக இருந்த பிள்ளைகள், வரும்போது வளர்ந்து நின்றார்கள். 2020-ல் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். இப்படி முதல் வழக்கிலேயே 25 ஆண்டுகளை அடுக்கும் வழக்கத்தை 2018-ல் வந்த ஒரு சீர்திருத்தச் சட்டம் நிறுத்தியது.

அதற்காக ஃபெடரல் கோர்ட் இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஃபென்டனில் 40 கிராம் என்றால் குறைந்தபட்சம் 5 ஆண்டுகள், 400 கிராம் என்றால் 10 ஆண்டுகள். அதுவும் சுத்தமான ஃபென்டனிலின் எடை இல்லை, கலந்திருக்கும் மாவு, பவுடர் எல்லாம் சேர்த்து மொத்த எடை! இன்னொன்று, பல மாநிலங்களில் பரோல் உண்டு; ஃபெடரலில் 1987 நவம்பருக்குப் பிறகு செய்த குற்றங்களுக்குப் பரோலே கிடையாது. நன்னடத்தைக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள்கள் கழியும். வெப் சீரிஸ் வில்லனின் முகம் ஏன் வெளுத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு கோர்ட்டில் முடிந்தால் இன்னொரு கோர்ட்டிடமிருந்து தப்பிக்கலாமா? அதுவும் இல்லை. ரெண்டும் தனித்தனி அரசுகள் என்பதால் ஒரே செயலுக்கு இருவரும் வழக்குப் போடலாம் என்று 2019-லும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நடைமுறையில் அது அபூர்வம்.

இதில் அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் கஞ்சா. கலிஃபோர்னியா, நியூயார்க் உட்பட 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பெரியவர்கள் கடையிலேயே வாங்கலாம். ஆனால், கலிஃபோர்னியாவுக்குள்ளேயே இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் அதே பாக்கெட்டோடு நுழைந்தால் குற்றம். அது மத்திய அரசின் நிலம். அங்கே மாட்டினால் ஃபெடரல் கோர்ட்தான்.

விசாவும் கிரீன் கார்டும் குடியுரிமையும் முழுக்க ஃபெடரல் சமாச்சாரம். ஹெச்1பி-யிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர், 'எங்க ஸ்டேட்ல லீகல்தானே' என்று அதிகாரியிடம் வாய்தவறி ஒப்புக்கொண்டாலே சிக்கல் வரலாம். கோர்ட் படி ஏறியிருக்கவே வேண்டாம். லைசென்ஸ் வாங்கி நடக்கும் கஞ்சா கடையில் வேலை பார்ப்பதுகூடக் குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று அமெரிக்கக் குடியுரிமைத் துறை 2019-லேயே எழுத்துபூர்வமாகச் சொல்லிவிட்டது. கடை வாசலில் எடுத்த செல்ஃபியை இன்ஸ்டாவில் போட்டு வைத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இந்தக் கடைசிப் பத்தியை மட்டுமாவது ஃபார்வர்டு பண்ணிவிடுங்கள்.