ஆய்வுகூடம் இல்லாத விஞ்ஞானமா?

விஞ்ஞானப் பட்டப் படிப்பை வீட்டிலிருந்தே கற்கலாம், ஆய்வுகூடங்களுக்குப் பணத்தைக் கொட்டுவானேன் என்று கேட்கும் கனவான்கள் நம் நாட்டில் உளர். வன்னியிலிருந்து இதைக் கேட்கும் நாம் மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

2020 மார்ச்சில் கொவிட் நோயினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் 'சூம்' வழியே தொடர்ந்தன. கல்வி ஆராய்ச்சி வலையமைப்பான 'லேர்ன்' வழியாகக் கட்டணமின்றி இணையும் ஒழுங்கும் செய்யப்பட்டது. அதனாற் பயன் விளைந்தது, மறுக்கமாட்டோம். தமிழிற் படித்து வந்து ஆங்கில விரிவுரையில் திணறும் முதலாண்டு மாணவன், பதிவை மும்முறை கேட்டுத் தெளியலாம். நேர் வகுப்பில் அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் கட்டணம் இல்லையென்றதும் காட்டோரக் கிராமத்துக்கு அலை வந்துவிடுமா? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதே, அப்போது எந்தத் திரை ஒளிர்ந்தது?

இது போகட்டும். அலையும் மின்சாரமும் குறைவின்றி வந்தாலும் நம் வழக்கு நிற்கும்.

நியமிப்பு என்னும் இரசாயனச் சோதனையை எடுத்துக்கொள்வோம். அளவியிலிருந்து துளித்துளியாய்க் காரம் விழ, பினோப்தலீன் கலந்த அமிலம் ஒரு துளியில் இளஞ்சிவப்பாகிறது. அந்த ஒரு துளியோடு கையை நிறுத்தப் பழகுவதே பாடம். மறு துளி விழுந்தால் கணக்குப் பிழைக்கும். திரும்பச் செய்ய வேண்டும். திரையிற் பார்ப்பவன் பிறர் கை பிழைப்பதைக்கூடக் காண்பதில்லை. பிழையற்ற படத்தையே காண்கிறான். சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கண்டதைக் கண்டவரே வந்து சொல்லவேண்டும் என்கிறது. ஆயிரம் ரூபாய்க் கடன் வழக்குக்கு அத்தனை கண்டிப்பு. பட்டத்துக்கு மட்டும் கேள்விச் சாட்சி போதுமா?

கமக்காரருக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை. இரணைமடுவின் கீழ் விதைப்பவர் மண்ணை நனைத்து விரலிற் பிசைந்து அதன் தன்மை அறிகிறார். மண்ணியல் மாணவனும் அவ்வாறே களியையும் மணலையும் விரலால் வேறுபடுத்தப் பழகுகிறான். படத்தில் மட்டும் மண் கண்டவர் நாளை உத்தியோகத்தராய் உங்கள் வயலுக்கு வந்தால், அவர் சொல்லும் உர அளவை நம்புவீர்களா?

தொலைக்கல்விக்கென்றே 1980இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகமும் தன் விஞ்ஞான மாணவரைச் செய்முறைக்கு ஆய்வுகூடத்துக்கே அழைக்கிறது. தொலைவிலிருந்து கற்பிப்பதையே தொழிலாய்க் கொண்டோர் கண்ட எல்லை இது. புதிதாய் வந்த கனவான்கள் அவர்களினும் அறிந்தவர்களோ?

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என விதி வகுத்துள்ளனர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. பாடசாலையில் ஆய்வுகூட வசதி குறைந்த பிள்ளை என்று இரங்கி இடம் கொடுத்துவிட்டு, பல்கலைக்கழகத்திலும் அவனுக்குத் திரையையே காட்டுவது ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிப்பதன்றோ? நகரத்துப் பிள்ளை பள்ளியிலேயே அளவி பிடித்திருப்பான். இழப்பு அவனுக்குச் சிறிது.

ஆகவே நாம் கேட்பது இது. விரிவுரைகளைத் திரையிலும் தருக. பதிவுகளை இறக்கிக்கொள்ளப் பிரதேச சபை நூலகங்களில் இணைப்பும் தருக. செய்முறை நேரங்களில் ஒன்றையேனும் திரைக்கு மாற்றற்க. அவை அறிவியல் நகரின் விவசாய, பொறியியல் பீடங்களிலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் பம்பைமடு வளாகத்திலும் நேரில் நடைபெறட்டும். தொலைக் கிராமத்தவர்க்கு விடுதியில் முதலிடம் கிடைக்கட்டும். கமக்காரர் அமைப்புகளும் சட்டத்தரணிகள், ஆசிரியர், வைத்தியர் சங்கங்களும் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இம்மாதமே அனுப்புதல் வேண்டும்.