வீட்டுக்குள்ளே தியேட்டர்: படத்தைத் தடுப்பது யார்?

வீட்டுக்குள்ளேயே தியேட்டர் அமைத்துக் கொள்வது ஒரு காலத்தில் செல்வந்தர்களின் ஆசை. இன்று நடுத்தரக் குடும்பங்களும் அதில் நாட்டம் கொண்டுவிட்டன. பெரிய டெலிவிஷன் ஒன்று, ஐந்தாறு ஒலிபெருக்கிகள், இவற்றுக்கு நடுவே படத்தையும் ஒலியையும் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் 'ரிசீவர்' என்ற பெட்டி. முக்கியமாகத் தேவைப்படுபவை இவைதாம்.

ஆனால் கடைக்குப் போகிறவர் திகைத்து நிற்கிறார். 'இது 2.0, அது 2.1' என்கிறார் விற்பனையாளர். 2025 ஜூன் மாதத்தில் 2.2 என்ற புதிய பதிப்பும் வெளியாகிவிட்டது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைப் பழையது என்று ஒதுக்கச் சொல்கிறார்கள். அதைப் பழையதாக்கியது எது?

மூன்று கம்பிகள் போன கதை

முன்பு மஞ்சள் முனை கொண்ட ஒரே கம்பியில் படம் வந்தது. படம் சற்று மங்கல்தான். பிறகு சிவப்பு, பச்சை, நீல முனைகள் கொண்ட மூன்று கம்பிகளில் படத்தைப் பிரித்து அனுப்பும் 'காம்பொனென்ட்' முறை வந்தது. ஹை டெபினிஷன் படமே அதில் தெளிவாகத் தெரிந்தது.

2002 டிசம்பரில் சோனி, ஹிட்டாச்சி, தோஷிபா, பிலிப்ஸ் உள்ளிட்ட ஏழு கம்பெனிகள் சேர்ந்து எச்.டி.எம்.ஐ. என்ற இணைப்பைக் கொண்டு வந்தன. படம், ஒலி இரண்டும் ஒரே கேபிளில்! வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கேபிளோடு ஒரு பூட்டும் வீட்டுக்குள் வந்தது. இன்டெல் கம்பெனி உருவாக்கிய எச்.டி.சி.பி. என்பதே அது.

பூட்டு என்ன செய்கிறது?

படம் தரும் பெட்டி ரிசீவரிடம், 'உன்னிடம் சாவி உண்டா?' என்று கேட்கிறது. ரிசீவர் டெலிவிஷனைக் கேட்கிறது. நடுவில் ஒருவரிடம் சாவி இல்லாவிட்டாலும் திரை இருண்டுவிடும். அல்லது படம் தரம் குறைந்து வரும். 4கே படங்களுக்கு இந்தப் பூட்டின் 2.2 பதிப்பு தேவை. எச்.டி.எம்.ஐ. 2.2 வேறு, இது வேறு. எண் ஒன்றாயிருப்பதால் ஏமாறக் கூடாது.

திருட்டுப் பிரதிகளைத் தடுக்கவே பூட்டு என்கிறார்கள் படக் கம்பெனியார். நியாயந்தான். ஆனால் முதல் தலைமுறைப் பூட்டின் மூலச் சாவியே 2010 செப்டம்பரில் அம்பலமாயிற்று. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. திருடனுக்கு வழி திறந்துவிட்டது. பணம் கொடுத்துப் படம் வாங்கியவர் வீட்டிலோ பூட்டு அப்படியே இருந்தது.

அதோடு நிற்கவில்லை. 2010-க்குப் பிறகு தயாரான புளூரே பிளேயர்கள், பழைய கம்பிகளில் புளூரே படங்களைச் சாதாரணத் தரத்தில்தான் அனுப்பலாம் என்று உரிம ஒப்பந்தம் விதித்தது. 2013-க்குப் பிறகு அறவே கூடாது என்றது. கம்பி கெடவில்லை, டெலிவிஷனும் கெடவில்லை. கம்பெனிகளின் ஒப்பந்தமே அவற்றை மூலையில் தள்ளியது.

புதியது வாங்கியவர் பட்ட பாடு

சரி, புதியதாக வாங்கினால் கவலை இல்லையா? 2020-ல் 2.1 வசதியுடன் டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்கள் விற்பனைக்கு வந்தன. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் விளையாட்டுப் பெட்டியிலிருந்து விநாடிக்கு 120 சட்டங்கள் கொண்ட 4கே படத்தை அனுப்பினால், திரையில் இருட்டுதான் தெரிந்தது. உள்ளேயிருந்த சிப்பில் பிழை. டெனான், மராண்ட்ஸ் வாங்கியோருக்கு இலவசமாக ஒரு துணைப் பெட்டி தரப்பட்டது. யமஹா உட்பலகையை மாற்றித் தந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. 2.1-ன் புதிய வசதிகள் எல்லாம் இல்லாமலே ஒரு பொருளை 2.1 என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதை 2021 டிசம்பரில் உரிம நிர்வாகமே உறுதி செய்தது. அப்படியானால் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி என்ன பயன்?

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, எண்ணைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். விநாடிக்கு 60 சட்டங்களா, 120-ஆ? எத்தனை துளைகளில் அந்த வசதி உண்டு? சினிமா மட்டும் பார்ப்பவருக்கு 120 அவசியமே இல்லை.

இரண்டாவதாக, பழைய ரிசீவரைத் தூக்கி எறியாதீர்கள். படத்தை நேரே டெலிவிஷனுக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கிருந்து ஒலியை மட்டும் ரிசீவருக்குத் திருப்பலாம். புதியவற்றில் இதற்கு 'ஈ.ஏ.ஆர்.சி.' என்ற வழி உண்டு. உயர்ந்த ரக ஒலியும் அதில் குறையாமல் போகும். பழைய ரிசீவரானால் ஆப்டிகல் கேபிள் போதும். டால்பி டிஜிட்டல் ஒலி கிடைக்கும்.

மூன்றாவதாக, 120 சட்டங்கள் வேண்டுவோர் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' சான்று ஒட்டிய கேபிளையே வாங்க வேண்டும். ஒட்டியிருக்கும் சீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். தங்க முலாம் பூசியது என்பதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

உணவுப் பொட்டலத்தில் உள்ளிருப்பதை எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை போகும் ரிசீவரின் மேலும் எந்தத் துளை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெளிவாக எழுதவேண்டும். அதை அரசாங்கம் கட்டாயமாக்கும் வரை, கடையிலேயே உங்கள் டெலிவிஷனின் மாடலைச் சொல்லி, இணைத்துக் காட்டச் செய்து, அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள்.