போர் போட லோன் எடுக்கறதுக்கு முன்னாடி மண்ணைக் கேளுங்க

"தம்பி, போர்ல தண்ணி கீழ போயிடுச்சுப்பா. புதுசா இன்னும் ஆழமா ஒண்ணு போடணும். ரெண்டு லட்சம் ஆகும்போல."

நெல்லிக்குப்பம் பக்கத்துல ரெண்டு ஏக்கர் கரும்பு வெச்சிருக்கற அப்பாகிட்ட இருந்து எனக்கு வந்த ஃபோன் இது. கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்துல இருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்கு வந்த பலருக்கும் இப்படி ஒரு ஃபோன் வந்திருக்கும். உடனே நாம என்ன பண்ணுவோம்? ஆப்பைத் திறந்து பர்சனல் லோன் பார்ப்போம். நானும் பார்த்தேன். 14% வட்டி, 3 வருஷம், மாசம் சுமார் ₹6,835 இஎம்ஐ. வட்டி மட்டுமே ₹46,000.

அந்த லோனை நான் எடுக்கல. ஏன்னு சொல்றேன்.

கரண்ட் இலவசம், தண்ணி இலவசம் இல்ல

தமிழ்நாட்டுல 1990-ல் இருந்து விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். விவசாயிக்கு அது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். ஆனா பில்லே வராத செலவை நாம யாரும் கவனிக்க மாட்டோம். கரண்ட் இருக்கும்போது மோட்டாரைப் போட்டு விட்டுடுவோம். அதோட பில் பத்து வருஷம் கழிச்சு மொத்தமா வருது: "போரை ஆழப்படுத்தணும்."

நெய்வேலி பக்கம் ஒரு காலத்துல குழாயை இறக்கினாலே தண்ணி தானா பொங்கி வந்துச்சு. இன்னைக்கு அந்த அழுத்தம் போயிடுச்சு. சுரங்கத்துக்காக இறைக்கறது ஒரு பக்கம், நம்ம மோட்டார்கள் இன்னொரு பக்கம். பேலன்ஸ் குறையற அக்கவுண்ட்ல ஏடிஎம் கார்டை மட்டும் மாத்தினா பணம் வருமா?

முதல்ல அளக்கணும்

செலவைக் குறைக்கணும்னா முதல்ல செலவை எழுதுங்கன்னு இங்க அடிக்கடி சொல்றோம். தண்ணிக்கும் அதேதான். ஒரு ஏக்கர்ல 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி விட்டாலே 4,000 லிட்டருக்கு மேல. தேவையில்லாத ஒரு பாய்ச்சல்ல எவ்வளவு போகும்னு கணக்குப் போட்டுக்கோங்க.

கோல்ஃப் மைதானத்துக்கும் பெரிய எஸ்டேட்டுக்கும் ஆப்போட வர்ற சென்சார் செட்டெல்லாம் ரெண்டு ஏக்கருக்கு வேண்டாம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் கையடக்கமா ஒரு மண் ஈரப்பதம் காட்டும் கருவி உருவாக்கியிருக்கு. மண்ணுல குத்தினா நீலம், பச்சைன்னா ஈரம் போதும், ஆரஞ்சுன்னா பாய்ச்சலாம், சிவப்புன்னா உடனே பாய்ச்சணும். அதுவும் இல்லையா? வேர் ஆழத்துல ஒரு பிடி மண் எடுத்து உருட்டிப் பாருங்க. உருண்டை பிடிச்சு உடையாம நின்னா, பெரும்பாலும் இன்னிக்கு மோட்டார் போட வேண்டாம்.

சொட்டு நீர் ஒரு எஸ்ஐபி

வாய்க்கால்ல திறந்து விடறது லம்ப்சம். கொஞ்சம் கொஞ்சமா, வேருக்கு மட்டும் கொடுக்கறது எஸ்ஐபி. உரத்தையும் அதே குழாயில கரைச்சு விடலாம்; களையும் ஆள் கூலியும் குறையும்.

5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு இதுக்கு 100% மானியம், மத்தவங்களுக்கு 75%. செலவுக்கு உச்சவரம்பு உண்டு. விவரத்தை வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்துல கேட்டுக்கோங்க.

மானியத்துல போட்ட குழாயைச் சுருட்டி வேலியோரம் போட்டு வெச்சிருக்கறதையும் பார்த்திருக்கேன். ஃபில்டர் கழுவாம விட்டா உப்பும் மண்ணும் அடைச்சுக்கும். எஸ்ஐபி மாதிரிதான், ஆரம்பிச்சா மட்டும் போதாது, தொடரணும்.

சிதம்பரம் பக்கம் கதை வேற

அங்க களிமண், நெல். ஆனா ஈரத்தை அளந்து செலவழிக்கறது அந்த மண்ணுக்குப் புதுசு இல்ல. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னாடி, ஈரம் காயறதுக்குள்ள உளுந்தைத் தெளிச்சிடுவாங்க. மிச்ச ஈரத்துலயும் பனியிலயுமே அது விளைஞ்சிடும்.

மோட்டார் வெச்சு நெல் போடறவங்க ஓட்டை போட்ட 30 செ.மீ. பிவிசி குழாயை வயல்ல புதைச்சுப் பார்க்கலாம். உள்ள தண்ணி மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழ போனா மட்டும் பாய்ச்சினா போதும். பூக்கும் நேரத்துல மட்டும் காய விடக்கூடாது. இதுல 30% வரை தண்ணி மிச்சமாகும்னு பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுது.

நாம செய்ய வேண்டியது

எங்க வீட்டுல மானியத்துக்குத் தடையா இருந்தது பணம் இல்ல, பட்டா. அது இன்னும் தாத்தா பேர்லயே இருந்துச்சு. வாரிசு சான்று, பட்டா மாறுதல், சிறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல்னு அலைய அப்பாவால முடியல. லீவு போட்டு நான் அலைஞ்சேன். பல மாசம் ஆச்சு. இப்போ டிரிப் ஓடுது, பழைய போரே தாங்குது.

எல்லா ஊர்லயும் இப்படி முடியும்னு சொல்ல மாட்டேன். போர் நிஜமாவே வத்திப் போன இடமும் இருக்கு. ஒருநாள் எங்களுக்கும் புது போர் தேவைப்படலாம். அதனால அந்த ₹6,835-ஐ மாசாமாசம் ஆர்டியில போடறேன். அன்னிக்கு ரெண்டு லட்சம் கையில இருக்கும், கடன் இருக்காது.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பாகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "பட்டா யார் பேர்ல இருக்கு? கடைசியா மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணி விட்டது எப்போ?" லோன் ஆப்பை அதுக்கப்புறம் திறக்கலாம்.