வீட்டுக்குள் கடல் வேண்டுமா? முதலில் நீரைக் காக்கக் கற்க வேண்டும்!

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். விடுமுறை நாள் என்றால் குடும்பம் குடும்பமாக அங்கே போகிறார்கள். சாமி கும்பிடுகிறார்கள். ஆற்றில் குளிக்கிறார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள்.

ஆற்றில் காலை வைத்தால் சின்னஞ்சிறு மீன்கள் ஓடி வரும். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம்! "அப்பா, இதைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போகலாமா?" என்று கேட்பார்கள்.

கூடாது. சுற்றியுள்ள மலைக்காடு 1988-ஆம் ஆண்டு முதல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். 2021-இல் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அங்கே உள்ள உயிர்கள் அங்கேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த ஆசை, கண்ணாடித் தொட்டி. இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குத் தங்கமீன் போதவில்லை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் வேண்டுமாம். அது கடல் மீன்!

கடலோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ராஜபாளையத்து வீட்டில் கடல் மீனை வளர்க்க முடியுமா? முடியும். ஆனால், அவசரக்காரர்கள் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

ஆற்றங்கரையில் இருக்கும் சாமிக்கு "நீர் காத்த அய்யனார்" என்று பெயர். தொட்டி வைக்க நினைப்பவருக்கு அந்தப் பெயரே பாடம். நீரைக் காத்தால் மீன் தானாகப் பிழைக்கும். நீரைக் காக்காதவர் எத்தனை மீன் வாங்கினாலும் அத்தனையும் சாகும்.

சமையல் உப்பு உதவாது

தண்ணீரில் ஒரு கை உப்பைப் போட்டால் கடல்நீர் ஆகிவிடுமா? ஆகாது. கடல்நீரில் சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், பொட்டாசியம் என்று பல சத்துகள் கலந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துத் தயாரித்த கடல் உப்புத் தூள், மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கிறது. லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. 100 லிட்டர் தொட்டிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனுக்கு ஆகாது. சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைப்பதே நல்லது.

சின்னத் தொட்டி, பெரிய தொல்லை

"முதலில் சின்னத் தொட்டியில் பழகலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

வெயிலில் தண்ணீர் வற்றும். உப்பு வற்றாது. 20 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் வற்றினால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39 கிராம் ஆகிவிடும். 100 லிட்டர் தொட்டியில் அதே 2 லிட்டர் வற்றினால் 36 கிராம்கூட ஆகாது. சின்னத் தொட்டியில் சின்னத் தவறும் பெரிதாகிவிடுகிறது.

வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

கோடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் சூடானால் அதில் பிராணவாயு குறையும். மின்சாரம் நின்று, காற்றுக் குழாயும் நின்றால் மீன் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஒரு மாதம் காலித் தொட்டி

மீன் போடும் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. அதனால் தீங்கு குறைவு. இந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

அதுவரை தொட்டியில் மீன் விடக் கூடாது. ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, வடிகட்டியை ஓட விட வேண்டும். கடையில் விற்கும் சோதனை மருந்தால் நீரைப் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகே மீன் வாங்க வேண்டும்.

குழந்தைகள் அழத்தான் செய்வார்கள். அந்த அழுகைக்கு இரங்கி முதல் நாளே மீனை விட்டால், மறு வாரம் செத்த மீனைப் பார்த்து இன்னும் அதிகமாக அழுவார்கள்.

எதை வாங்கலாம்? எதை வாங்கக் கூடாது?

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. அங்கே பவளப்பாறைகள் உண்டு. 1986-இல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றுக்கு 2001 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. "தொட்டிக்கு அழகாக இருக்கும்" என்று அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். சிறைக்கே போக நேரிடும்!

கோமாளி மீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கண்டிருக்கிறது. ஆகவே, பண்ணையில் பிறந்த மீனா என்று கேட்டு வாங்க வேண்டும். கடலில் பிடித்த மீன் என்றால் வேண்டாம். நம் வீட்டுக் கூடத்தின் அழகுக்காகக் கடலை ஏன் காலி செய்ய வேண்டும்? 100 லிட்டர் தொட்டிக்கு ஒரு ஜோடி மீன் போதும். நன்றாகக் கவனித்தால் பத்தாண்டுக்கு மேலும் வாழும்.

பத்தாண்டு! வாங்கும்போது பத்து வயதுச் சிறுவன், அதற்குள் கல்லூரிக்கே போய்விடுவான். அத்தனை நாளும் தீனி போடுவது யார்? பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது யார்? ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்வது யார்? வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசி முடித்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

முடியாது என்று தோன்றினால் வெட்கப்பட வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் மீனோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கூடாது. வளர்க்க அலுத்துப்போய், எந்தத் தொட்டி மீனையும் ஆற்றிலோ கண்மாயிலோ விடக் கூடாது. கடல் மீன் அங்கே செத்துப்போகும். நல்ல தண்ணீர் மீனோ பெருகி, ஊர் மீனை ஒழித்துவிடும்.

ஒரு தொட்டி நீரைக் காப்பதே இத்தனை பாடு என்று அறிந்த பிள்ளை, அடுத்த முறை அய்யனார் கோவில் ஆற்றில் சோப்பு உறையை வீசமாட்டான். அந்த நல்ல குணம் வருமானால், தொட்டிக்குச் செலவழித்த பணம் வீண் இல்லை.