'எத்தனை மாசம்?' - பிரசவத்துக்குப் பிறகும் இறங்காத வயிறு... அழகுப் பிரச்னையா, ஆரோக்கியப் பிரச்னையா?

குழந்தை ஸ்கூலுக்கே போக ஆரம்பிச்சாச்சு. ஆனாலும், பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்து, 'எத்தனை மாசம்மா?' என்று கேட்கிறார்கள். அதைச் சிரித்துக் கடந்தவரா நீங்கள்? 'சாப்பாட்டைக் குறை', 'அப்பவே வயித்துல துணி கட்டியிருக்கணும்' என்று வீட்டிலும் ஆளுக்கொரு அட்வைஸ் வந்திருக்கும். ஆனால், அது தொப்பையாகவே இல்லாமல் இருக்கலாம்.

கர்ப்பத்தில் வயிறு பெரிதாகும்போது, நடுவில் நெடுக்காக இருக்கும் இரண்டு தசைகளும் விலகி, அவற்றை இணைக்கும் திசு மெலிந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு இது தானாகவே சரியாகும். சிலருக்கு இடைவெளி அப்படியே நின்றுவிடும். 'டயாஸ்டாசிஸ் ரெக்டை' என்பது இதன் மருத்துவப் பெயர். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வயிற்றின் நடுவே நீளமாக மேடு எழும்பினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஓட்டையா, இடைவெளியா?

ஹெர்னியா வேறு. தசை விலகலில் ஓட்டை விழுவதில்லை. ஹெர்னியாவில் ஓட்டை வழியாகக் கொழுப்போ, குடலோ பிதுங்கும். தொப்புளிலும் வரலாம்; சிசேரியன் தழும்பிலும் வரலாம். புடைப்பு உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தசை விலகலுக்கு முதலில் பிசியோதெரபிதான். பலன் இல்லையென்றால், தசைகளைச் சேர்த்துத் தைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. ஹெர்னியாவும் இருந்தால் ஒன்றாகவே சரிசெய்யலாம். அடுத்த கர்ப்பத்தில் மறுபடி விலகக்கூடும் என்பதால், 'இனி குழந்தை வேண்டாம்' என்று முடிவெடுத்த பிறகு செய்வதே நல்லது.

பில் யார் கட்டுவது?

சிக்கல் இங்கேதான். பல மருத்துவக் காப்பீடுகளில் காத்திருப்புக் காலம் முடிந்தால் ஹெர்னியாவுக்குப் பணம் கிடைக்கும். தசையைத் தைப்பதோ 'அழகு சிகிச்சை' என்று ஒதுக்கப்படலாம். ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். பிரசவத்தால் வந்த தசை விலகலுக்கான அரசு உதவி 2016-ல் நின்றது. பிளாஸ்டிக் சர்ஜன்கள் தொடர்ந்து வலியுறுத்த, 2022 ஜூலை 1-ல் திரும்பக் கிடைத்தது. ஆனால், ஸ்கேனில் குறைந்தது 3 செ.மீ இடைவெளி தெரிய வேண்டும். வலியோ, சிறுநீர்த் தொல்லையோ இருக்க வேண்டும். பிசியோதெரபியும் பலன் தராமல் போயிருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் 'அழகு' என்ற பேச்சே இல்லை, கவனித்தீர்களா? நீங்களும் டாக்டரிடம் 'தொப்பை குறையணும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். முதுகுவலி, தும்மினால் சிறுநீர்க் கசிவு, குழந்தையைத் தூக்க முடியாத சிரமம்... எல்லாவற்றையும் சொல்லி, மருத்துவக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பே, எதற்கெல்லாம் பணம் கிடைக்கும் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.