பிறந்த பிள்ளைக்கு ஏன் அந்த ஊசி?

அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்படுகிறது. துணியால் அழுத்திப் பிடிக்கிறோம். சில நிமிடங்களில் இரத்தம் நின்றுவிடுகிறது. (காப்பித்தூளை அப்புவோரும் உண்டு. அழுத்தம்தான் உதவுகிறது, தூள் அழுக்கையே சேர்க்கும்.) அந்தச் சில நிமிடங்களில் நம்மை அறியாமலே பெரிய வேலை நடந்தேறுகிறது.

முதலில் அறுபட்ட இரத்தக் குழாய் சுருங்குகிறது. இரத்தத்தில் மிதந்து செல்லும் தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒட்டிக்கொண்டு தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. அது போதாது. இரத்தத்தில் செயலற்றுக் கிடக்கும் உறைதற் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. முடிவில் திராம்பின் என்னும் பொருள் தோன்றி, கரைந்திருந்த ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரின் நூல்களாக மாற்றுகிறது. இந்நூல்கள் மீன்வலைபோல் பின்னி இரத்த அணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன. இதுவே உறைகட்டி.

இத்தொடரில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் இரத்தம் எளிதில் நில்லாது. இப்புரதங்களுள் திராம்பினின் மூலப்பொருள் உட்பட நான்கைக் கல்லீரல் செவ்வனே ஆக்குவதற்கு வைட்டமின் கே இன்றியமையாதது. டென்மார்க் நாட்டு அறிஞர் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனி தின்ற கோழிக்குஞ்சுகளின் உடலில் ஆங்காங்கே இரத்தம் கசியக் கண்டார். அத்தீனியில் இல்லாத பொருளுக்கு 1935-இல் ‘கே’ என்று பெயரிட்டார். உறைதலைக் குறிக்கும் அவர் மொழிச் சொல்லின் முதலெழுத்து அது. 1943-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசை அமெரிக்கரான எட்வர்டு டாய்சியோடு அவர் பகிர்ந்துகொண்டார்.

பச்சிளங் குழந்தையும் ஏறக்குறைய அக்குஞ்சின் நிலையில்தான் பிறக்கிறது. நச்சுக்கொடி வழியாக இந்த வைட்டமின் மிகச் சிறிதளவே செல்கிறது. தாய்ப்பாலுக்கு இணையான உணவு வேறில்லை. எனினும் இந்த ஒரு சத்து அதில் குறைவு. தாய் முருங்கைக்கீரை உண்டால் போதாதா எனில், போதாது. ஆகவேதான் பிறந்தவுடன் தொடையில் 1 மில்லிகிராம் ஊசி போடுகின்றனர். மிகவும் எடை குறைந்த குழந்தைக்கு அளவு இன்னும் குறைவு.

‘பிறந்த மேனிக்கு ஊசியா?’ என்று முகம் சுளிக்கும் பாட்டிமார் உண்டு. அன்பினால் எழும் தயக்கம்தான். ஆனால் ஊசி பெறாத குழந்தை, நன்றாகப் பால் குடித்து வளர்ந்துவரும் இரண்டாம், மூன்றாம் மாதத்திலும் திடீரென மூளைக்குள் இரத்தம் கசிந்து உயிருக்குப் போராட நேரலாம். தொப்புளிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, காரணமின்றித் தோலில் நீலத் தடிப்பு, பிறந்த சில நாள் கழிந்தும் கரிய மலம், பால் குடியாமல் அயர்ந்து வெளிறுதல் ஆகியவற்றைக் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

மகப்பேறு முடிந்து வீடு திரும்புமுன், அந்த ஊசி போடப்பட்டதா என்று செவிலியரிடம் கேட்டறியுங்கள். வீட்டிலேயே பிள்ளை பிறந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.